முள்ளு ரப்பர்

நாலரை பஸ் அந்த வெள்ளிக்கிழமை ஐந்து பத்துக்கு வந்தது. பண்ணைப் பாலத்தில் ஆமிக்காரர் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்களாம். போன வருச ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அது ஒரு புதினமில்லை. முதலில் பேப்பர்க் கட்டு இறங்கியது. பிறகு சிவபாதம் இறங்கினான். அவன் பட்டினத்தில் எழுதுவினைஞர். கையில் ஒரு பார்சல் இருந்தது.

புளியங்கூடல் வாசிகசாலைக்கு ஒரே மண்டபம். நடுவில் ரேபிள் ரெனிஸ் மேசை. மேசையின் ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் பேப்பர் படிக்கிறவர்களின் கதிரைகள். பரிமளம் விளையாடுவது கதிரைப் பக்கம். அவள் அடித்து விளையாடுகிறவள் அல்ல. மேசையை விட்டுப் பின்னுக்குப் போய், வருகிற பந்தின் அடிவயிற்றை வெட்டி, வலைக்கு மேலால் தாழ்வாகத் திருப்பி விடுகிறவள். அதற்குப் பின்னால் இடம் வேண்டும். அந்த இடத்தில் வாசிகசாலைத் தலைவர் கதிர்காமு இருந்து பேப்பர் படித்தார்.

“பிள்ளை, மேசைக்குக் கிட்ட நிண்டு விளையாட ஏலாதே?”

“ஏலாது.”

“சிவபாதம் கிட்டத்தானே நிக்கிறார். முருகேசுவும் நிக்கிறான்.”

“அவையள் அடிக்கினம். நான் எடுத்துப் போடுறனான்.”

“அடிச்சா வெல்லலாம். எடுத்துப் போட்டு என்னத்தைக் காணுறது?”

“உங்கட கதிரையை ஒருக்கா அரக்கினா, காணலாம்.”

அவர் கதிரையை அரக்கவில்லை. பேப்பரை மட்டும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

பரிமளம் சங்கக்கடை மனேச்சர். பகல் முழுக்கச் சீனிக்கும் மாவுக்கும் நிற்கிற சனத்தோடு கத்துவாள். ஐந்து மணிக்குக் கடையைப் பூட்டி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இங்கே வருவாள். அந்த மண்டபத்தில் அவளிடம் தோற்காத ஆள் சிவபாதம் மட்டும். அவனும் சில நாட்களில் தப்பிப் பிழைத்தவன்தான். ஆனாலும் அவள் விளையாடுவதை ஒருவரும் விளையாட்டு என்று சொன்னதில்லை. “பரிமளம் தடுத்துக்கொண்டு நிக்கிறா” என்றுதான் சொன்னார்கள்.

பக்கத்துத் தீவில், மடத்துவெளியில் ஒரு கழகம் அந்த ஆண்டு தீவுகளுக்கிடையில் போட்டி வைத்தது. அணிக்கு இரண்டு ஆண்கள், ஒரு பெண். மூன்று பேரும் ஆளுக்கொரு மட்ச். இரண்டை வென்ற அணிக்கு வெற்றி. அந்த அறிவித்தல் வந்த நாளிலிருந்து வாசிகசாலையில் பரிமளத்தைச் சுகம் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

மடத்துவெளிப் பெண் யாரென்று அவளுக்குத் தெரியும். சறோஜினிதேவி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ரீச்சர். பந்தை மேலாகச் சுழற்றி அடிக்கிறவள். இரண்டு வருடத்துக்கு முன் ஊர்காவற்றுறையில் பரிமளத்தின் இடக்கைப் பக்கத்துக்கே திரும்பத் திரும்ப அடித்து அவளை வென்றவள். அன்றைக்குத் தோற்றது கையால் அல்ல, மட்டையால் என்று பரிமளம் இன்றைக்கும் நம்பினாள். மட்டையின் ஒரு பக்கத்துச் சிவப்பு ரப்பர் இன்னும் தாங்கும். மற்றப் பக்கத்து ரப்பர் உப்புக் காற்றில் காய்ந்து வெடித்திருந்தது. சுழன்று வருகிற பந்து அதில் பட்டால் நினைத்த இடத்துக்குப் போகாது.

சிவபாதத்தின் தமையன் ஜேர்மனியில். அவரைக் கொண்டு புது ரப்பர் ஒன்று எடுப்பிக்கச் சொல்லிச் சிவபாதத்திடம் கேட்டிருந்தாள். கறுப்பு. ரப்பரில் முள்ளு நீளமாக இருக்கவேண்டும். அடியில் ஸ்பொஞ்ச் வேண்டாம். மூன்றையும் விரல் மடித்துச் சொன்னாள். கறுப்பு ஏனென்றால், மட்டையின் இரண்டு பக்கமும் வேறு வேறு நிறமாக இருக்கவேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது.

பார்சலுக்குள் இரண்டு ரப்பர். ஒன்று சிவப்பு, தடித்த ஸ்பொஞ்சோடு, கண்ணாடி மாதிரி வழுவழுவென்று. மற்றது கறுப்பு. தாள் மாதிரி மெல்லியது. ஒரு முகம் மொழுமொழு. மற்ற முகம் முழுக்க ஒல்லியான நீள முள்ளு, விரலால் தடவினால் வளைந்து நிமிர்ந்தது.

“அண்ணை கடைக்காரனைக் கேட்டவராம்” என்றான் சிவபாதம். “இப்ப எல்லாரும் போடுறது சிவப்புத்தானாம். அதாலை ரெண்டையும் அனுப்பினவர்.”

முருகேசு கறுப்பு ரப்பரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். அவன் சைக்கிள் கடை வைத்திருப்பவன், அணியில் மற்ற ஆண்.

“உது ரப்பரோ, பிலாப்பழத் தோலோ?”

“இஞ்சை தாரும், கிழிச்சுப்போடுவீர்.”

“சிவப்பைப் போடும் பரிமளம். ஒரே அடி. சறோஜினி ரீச்சர் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்த்தான் பந்து பொறுக்கவேணும்.”

“சிவப்பு, பந்தைக் கெதியா அனுப்பிற ரப்பர். தூரத்திலை நிண்டு வெட்டுறவளுக்கு வேகம் ஏன்? பந்து மேசையைத் தாண்டிப் போயிடும். இந்த முள்ளு, மற்ற ஆள் எவ்வளவு சுத்தி அனுப்புறாவோ, அவ்வளவையும் அவவுக்கே பிறபக்கமாத் திருப்பி அனுப்பும். அடிக்க அடிக்கத் தன்ரை வலையிலைதான் கொண்டுபோய்ப் போடுவா.”

“அப்ப நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை” என்றார் கதிர்காமு, பேப்பருக்குப் பின்னாலிருந்து. “கிட்டவே நிக்கலாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். பரிமளம் கைப்பையிலிருந்து கடையில் பைகளுக்குப் போடுகிற ரப்பர் வளையங்களை எடுத்தாள். கறுப்பு ரப்பரை முள்ளு வெளியே தெரிய மட்டையில் வைத்து, மேலும் கீழும் வளையம் போட்டு இறுக்கினாள்.

“சிவபாதம், அடியும் பாப்பம்.”

சிவபாதம் அடித்தான். பந்து அவளிடம் போய், சத்தமில்லாமல் மட்டையில் பட்டு, மிதந்து வந்தது. நல்ல உயரம். சிவபாதம் திரும்பவும் அடித்தான். வலை. அடுத்ததும் வலை. அதற்கடுத்தது இன்னும் கீழே, மேசை விளிம்பில்.

“சிவபாதம், பந்துக்குச் சுகமில்லையோ?” என்றான் முருகேசு.

“வளையம் கழண்டு கிடக்கு. அதாலைதான்.”

“வலையும் கழண்டோ கிடக்கு?”

பேப்பர் படித்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சிவபாதம் சிரிக்கவில்லை. மட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தான். பரிமளம் அதைக் கவனிக்கவில்லை. அவள் முள்ளைத் தடவிக்கொண்டு நின்றாள். நாலு வருடத்தில் முதல் தடவையாக, தான் செய்வது என்னவென்று இந்த ஆட்களுக்குக் கண்ணால் காட்டியிருக்கிறாள்.

“வீட்டை கொண்டுபோய் ஒட்டிக்கொண்டு வாறன்” என்றாள்.

கதிர்காமு பேப்பரை மடித்தார்.

“மட்டை வாசிகசாலையின்ரை. வாசிகசாலைச் சாமான் வெளியிலை போறதில்லை. உமக்குத் தெரியும்தானே.”

தெரியும். மட்டைகள், பந்துகள், வலை எல்லாம் அலுமாரிக்குள். அலுமாரித் திறப்பு அவருடைய இடுப்பில். கரம் போர்ட்டுக்குப் பூசுகிற பவுடர்கூட அவர் கையால்தான் வரும்.

“எண்டா நாளைக்கு இஞ்சை வந்து ஒட்டுறன். இல்லை, நாளைக்குக் கடையிலை இருப்பெடுக்கிற நாள். விடிய விடிய அங்கைதான்.”

“நான் ஒட்டி வைக்கிறன். முருகேசு சொலூசன் தருவான். சைக்கிள் ரியூப் ஒட்டாத கையே இது?”

“வடிவா ஒட்டவேணும் தலைவர். காத்து நிக்கக்கூடாது.”

“நான் நிப்பன்” என்றான் சிவபாதம். “யோசியாதையும்.”

அவனும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ரப்பரைப் பற்றி அந்த மண்டபத்தில் தெரிந்த இன்னொரு ஆள் அவன்தான். அவள் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை மடத்துவெளிப் போட்டிக்கு முருகேசுவின் மச்சானுடைய வானில் புறப்பட்டார்கள். முன்னால் கதிர்காமு. மடியில் பேப்பரில் சுற்றிய மட்டை. கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதியில் ஏறும்வரைக்கும் அவர் அதைத் தரவில்லை. பரிமளம் இரண்டு தரம் கேட்ட பிறகு, கல்யாண வீட்டில் தட்டம் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் பின்னுக்கு நீட்டினார்.

பேப்பரைப் பிரித்தாள். ஒரு பக்கம் பழைய சிவப்பு. திருப்பினாள். கறுப்பு, மொழுமொழுவென்று. அவள் திரும்பவும் திருப்பிப் பார்த்தாள். விரலை வைத்துத் தடவினாள்.

“முள்ளு எங்கை?”

“உள்ளுக்கு” என்றார் கதிர்காமு.

“உள்ளுக்கெண்டா?”

“உள்ளுக்கெண்டா உள்ளுக்குத்தான். பலகையைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. இனி என்ன செய்தாலும் கழராது. பழைய பேப்பர்க் கட்டு முழுக்கத் தூக்கி மேலை வைச்சு அமத்தினனான்.”

“ஆர் உங்களுக்கு அப்பிடி ஒட்டச் சொன்னது?”

“ஆர் சொல்லவேணும்? அலுமாரியிலை கிடந்த மட்டை எல்லாத்தையும் எடுத்து ஓரத்தாலை பாத்தனான். எல்லாத்திலையும் முள்ளு உள்ளுக்குத்தான் நிக்குது. வழுவழுப்பு வெளியிலை. நீர் அண்டைக்கு வளையம் போட்டது அந்தரத்துக்கு, பிழையாய்ப் போட்டிட்டீர். பறவாயில்லை. அப்பிடியே மடத்துவெளிக்குக் கொண்டுபோயிருந்தா, பிறபக்கமா ஒட்டிக்கொண்டு வந்திருக்கினமெண்டு அவங்கள் சிரிச்சிருப்பாங்கள்.”

மற்ற ரப்பர்களில் முள்ளு உள்ளுக்கு நிற்பது உண்மைதான். அவை அடிக்கிறவர்களின் ரப்பர். அந்த முள்ளு பந்தைத் தொடுவதற்கு அல்ல. இந்த முள்ளு பந்தைத் தொடுவதற்கு. இதைத்தான் வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் காட்டினாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் படித்துக்கொண்டே, பிழையாய்ப் போட்டிட்டீர் என்று இப்போது மன்னிக்கிறார்.

நகத்தை ஓரத்தில் கொடுத்து இழுத்தாள். ஒரு துண்டு கிளம்பியது. கிளம்பின இடத்தில் முள்ளுகள் கழுத்தோடு முறிந்து பலகையில் நின்றன. சொலூசன் அப்படிப் பிடித்திருந்தது. இழுக்கிறதை விட்டுவிட்டு, கிளம்பினதைப் பெருவிரலால் அமத்தினாள்.

“முள்ளு உள்ளுக்கு நிண்டாலும் குத்தும்தானே” என்றான் முருகேசு.

“வாயை மூடும்.”

சிவபாதம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

மடத்துவெளிப் பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை ஒன்றுதான் கிடந்தது. சுற்றிவரச் சனம் சுவரோடு ஒட்டி நின்றது. மேசைக்குப் பின்னால் ஒரு மாட்டு வண்டிலைத் திருப்பலாம். கதிரை இல்லை, பேப்பர் இல்லை, ஒருவருடைய முழங்காலும் இல்லை. இத்தனை வருடமும் அவள் கேட்டது இந்த இடத்தைத்தான். பரிமளத்துக்கு அழுகை வரப் பார்த்தது. அது துக்கமல்ல. யாரையாவது அறையவேண்டும் போல இருந்தது.

முருகேசு தோற்றான். சிவபாதம் வென்றான். மூன்றாவது மட்ச் அவளுடையது. அதை வென்றால் எல்லாம் வெற்றி.

தொடங்க முன் இருவரும் மட்டையை மாற்றிப் பார்க்கிறது வழக்கம். சறோஜினிதேவி அவளுடைய மட்டையை வாங்கி, கறுப்புப் பக்கத்தில் பெருவிரலை ஓட்டினாள். நின்றாள். ஓரத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

“பரிமளம், இது முள்ளு ரப்பரெல்லே?”

“ஓம்.”

“உள்ளுக்கு விட்டு ஒட்டிக் கிடக்கு.”

“ஓம்.”

“நீரோ ஒட்டினது?”

“எங்கட தலைவர்.”

சறோஜினிதேவி சனத்தின் முன்வரிசையைப் பார்த்தாள். கதிர்காமு அவளுக்குத் தலையாட்டினார்.

“கடவுளே” என்றாள் மெல்ல. “வேறை மட்டை எடும். நான் பொறுக்கிறன்.”

பரிமளம் தன் ஆட்கள் பக்கம் திரும்பினாள். முருகேசுவின் மட்டை பிடி உடைந்து துணி சுற்றியது. சிவபாதம் தன் மட்டையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு சப்பாத்து நாடாவைக் கட்டினான். அது ஏற்கனவே கட்டித்தான் இருந்தது.

“இதாலையே விளையாடுறன்” என்றாள்.

முதல் கேமில் சறோஜினிதேவி எல்லாப் பந்தையும் அவளுடைய இடக்கைப் பக்கத்துக்குச் சுழற்றி விட்டாள். கறுப்பு ரப்பரில் பட்ட பந்து வெட்டும் இல்லாமல் சுழற்சியும் இல்லாமல் கும்பிடு போட்டுக்கொண்டு எழுந்தது. எழுந்த பந்தை ரீச்சர் அடித்தாள். வெகு நேரம் எடுக்கவில்லை.

இரண்டாவது கேமில் பரிமளம் மட்டையைக் கைக்குள் சுழற்றினாள். எந்தப் பக்கத்துக்குப் பந்து வந்தாலும் சிவப்பால் எடுத்தாள். பின்னுக்கு, இன்னும் பின்னுக்கு, சனத்தின் காலடி வரைக்கும் போய் எடுத்தாள். பழைய ரப்பர், ஆனாலும் தெரிந்த ரப்பர். சனம் சத்தம் போடத் தொடங்கியது. யாரோ ஒரு பொம்பிளை, “விடாதை பிள்ளை” என்றாள். அது மடத்துவெளிப் பொம்பிளை. அந்தக் கேமைப் பரிமளம் வென்றாள்.

மூன்றாவதில் ரீச்சர் பிடித்துவிட்டாள். மட்டையைச் சுழற்ற நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் ஒன்றை வலக்கைக்கும் அடுத்ததை இடக்கைக்கும் கெதியாக விட்டாள். நாலு பந்துக்கு ஒரு பந்து கறுப்பில் பட்டது. பட்டது எல்லாம் எழுந்தது. கடைசிப் பந்தும் அப்படித்தான். கைக்கு வடிவாக எழுந்து நின்றது. முள்ளு வெளியே இருந்திருந்தால் அந்த அடி ரீச்சரின் வலையில் கிடந்திருக்கும். வெள்ளிக்கிழமை சிவபாதம் அடித்த அடி மாதிரி.

சறோஜினிதேவி மேசையைச் சுற்றி வந்து கையைப் பிடித்தாள். “இதை வெற்றியெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்” என்றாள். அது பரிமளத்துக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

வெளியே பூவரசுக்குக் கீழே கதிர்காமு சோடாப் போத்தலோடு வந்தார்.

“குடியும் பிள்ளை. மனம் விடாதையும். உம்மிலை பிழை சொல்ல ஏலாது. ரப்பர் சரியில்லை.”

பரிமளம் போத்தலை வாங்கவில்லை.

“ஜேர்மன்காரன் எண்டாப்போலை எல்லாத்தையும் திறமாச் செய்வானே? கொமிற்றியிலை கதைப்பம். வாற வருசத்துக்கு அந்தச் சிவப்பை ஒட்டிவிடுறன். மேசைக்குக் கிட்ட நிண்டு பழகும். இந்தத் தடுக்கிற விளையாட்டு உமக்குச் சரிவராது.”

“ரப்பரிலை ஒரு பிழையும் இல்லை.” அவளுடைய குரல் சங்கக்கடைக் குரலாக ஏறியது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். “நீங்கள் மாறி ஒட்டினியள். ஒட்டிப்போட்டு எனக்கு மன்னிப்புத் தாறியள். நாலு வருசமா என்னை நிக்க விடாமல் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தியள். நிக்க ஒரு இடம் கிடைச்ச அண்டைக்கு மட்டையைக் கெடுத்தியள். இப்ப விளையாட்டுச் சரிவராதெண்டு சொல்லுறியள். ஒரு வார்த்தை கேட்டியளோ? கடை தூரமே? சைக்கிளிலை ஒரு உழக்கு உழக்கினா வந்திருக்கலாம். எந்தப் பக்கம் எண்டு ஒரு வார்த்தை.”

கதிர்காமுவின் முகம் சுருங்கியது. சோடாப் போத்தல் நீட்டியபடி நின்றது.

“பிள்ளை, நான் ஆரையும் கேளாமல் ஒரு வேலை செய்யிற ஆளில்லை. நாக்கிலை நரம்பில்லாமல் கதையாதையும். சொலூசனைப் பூசிப்போட்டு, ஒட்ட முன்னம் கேட்டனான்.”

“ஆரை?”

“சிவபாதத்தை. பக்கத்திலைதானே நிண்டவர். முள்ளு உள்ளுக்கோ வெளியிலையோ தம்பி எண்டு கேட்டனான். உங்கட விருப்பம் தலைவர் எண்டு சொன்னவர். பிறகு பிளேட்டாலை ஓரத்தை வெட்டித் தந்ததும் அவர்தான். நம்பாட்டிக் கேட்டுப் பாரும்.”

கதிர்காமு பொய் சொல்கிற ஆள் அல்ல. பொய் சொல்லத் தேவையும் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. அவளுடைய கோபம் அவரை விட்டு மெல்ல இறங்கியது. இறங்கி அடங்கவில்லை. திரும்பி நின்றது.

சிவபாதம் வானுக்குப் பக்கத்தில் நின்றான். மடத்துவெளிப் பெடியள் இரண்டு பேர் அவனுடைய அடியைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். புளியங்கூடல் அன்றைக்கு வென்ற ஒரே மட்ச் அவனுடையது. கழுத்தில் துவாய். முகத்தில் நல்ல களை.

அவள் வருவதைக் கண்டு பெடியள் விலகினார்கள். சிவபாதம் துவாயால் முகத்தைத் துடைத்தான். துடைத்த பிறகும் துவாயை எடுக்கவில்லை.

“நல்லா எடுத்தீர் பரிமளம். ரெண்டாவது கேம், சொல்லி வேலையில்லை.”

அவள் மட்டையின் கறுப்புப் பக்கத்தை அவனுக்கு நேரே பிடித்தாள். ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக வெட்டப்பட்டிருந்தது.

“தலைவருக்குத் தெரியாது, விடுவம். உமக்குமோ தெரியாது சிவபாதம், முள்ளு எந்தப் பக்கம் நிக்கவேணுமெண்டு?”